அரசின் நல்ல வாடிக்கையாளர்

2022 மே மாதம் ராயப்பேட்டையில் ஒரு மனிதர் செத்துப் போனார். குடித்துச் சாகவில்லை. குடியை நிறுத்துவதற்காகச் சேர்க்கப்பட்ட இடத்தில் செத்தார்.

அது ஒரு தனியார் போதை மறுவாழ்வு மையம். அங்கே இருந்தவரை மையத்து ஆட்களே அடித்ததில் உயிர் போய்விட்டது என்று போலீஸ் கொலை வழக்குப் போட்டது. ஊழியர்கள் கைதானார்கள். அதிகாரிகள் வந்து மையத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். இரண்டு மூன்று நாள் பேப்பரில் வந்தது, டி.வி.யில் காட்டினார்கள். பிறகு எல்லாரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

இந்த மாதிரிச் செய்திகளுக்கு நம்மிடம் ரெடிமேடாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று: "குடிகாரன்தானே சார், வீட்ல என்ன அட்டூழியம் பண்ணானோ!" இன்னொன்று: "அந்த சென்டர் நடத்தினவங்களை நிக்க வச்சுச் சுடணும்." முதல் பதிலைச் சொல்பவருக்குச் செத்தவர் மீது கோபம். இரண்டாவது பதிலைச் சொல்பவருக்கு அடித்தவர் மீது கோபம். இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. குடியை விட முடியாமல் தவிக்கும் ஒரு மனிதரை அவருடைய குடும்பம் எங்கேதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்?

அடி வாங்குவார், பூட்டி வைக்கப்படுவார் என்று தெரிந்தும் பல குடும்பங்கள் இப்படிப்பட்ட மையங்களின் வாசலில் நிற்கின்றன. கடன் வாங்கி, தாலியை அடகு வைத்துப் பணம் கட்டுகின்றன. அந்தப் பெண்கள் யாரும் கொடுமைக்காரர்கள் அல்ல. அவர்களுக்கு வேறு வாசல் தெரியாது, அவ்வளவுதான். தெரிய வைத்திருக்க வேண்டியவர்கள் தெரிய வைக்கவில்லை.

* * *

ராயப்பேட்டை ஒரு விசேஷமான பேட்டை. மணிக்கூண்டுக்குக் கீழே நின்றுகொண்டு தமிழ்நாட்டின் மது அரசியல் முழுவதையும் நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம்.

அவ்வை சண்முகம் சாலையில் அ.தி.மு.க.வின் தலைமை அலுவலகம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காங்கிரசின் சத்தியமூர்த்தி பவன். கொஞ்சம் தள்ளி நடந்தால் கோபாலபுரம், கருணாநிதியின் வீடு. ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் அண்ணா அறிவாலயம். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் வெஸ்ட்காட் சாலையில் 1911-ல் ஆரம்பித்த அரசு மருத்துவமனை.

1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் காங்கிரஸ் முதல்வர் ராஜாஜி. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தவர் தி.மு.க. முதல்வர் கருணாநிதி. வேண்டாம் என்று கேட்பதற்காக தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் கோபாலபுரம் வீட்டுக்கே வந்தார் என்பது நம் அரசியலில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. கடைகள் திறந்தன. சில வருஷத்தில் அதே ஆட்சியே திரும்ப மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியதும் அவர் ஆட்சிதான். 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சி சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கிடமே கொடுத்தது. அதுவரை ஏலம் எடுத்த தனியார் நடத்திய ஒயின்ஷாப், அரசாங்கக் கடையாக ஆனது. 2006-ல் ஆட்சி மாறியது, கடை மாறவில்லை. அதற்குப் பிறகும் ஆட்சிகள் மாறின.

இதில் ராஜாஜியைப் பற்றி ஒரு விஷயத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சாராயக் கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மது வருமானத்துக்குப் பதிலாகத்தான் அந்த வரி பிறந்தது. பிற்பாடு என்ன நடந்தது? மதுவும் திரும்ப வந்தது, விற்பனை வரியும் தங்கிவிட்டது. விற்பனை வரியின் பேரப்பிள்ளையான 'வாட்' இன்று மது பாட்டில் மீதே போடப்படுகிறது. டாஸ்மாக் வருமானத்தில் பெரும் பங்கு அந்த வரிதான். கடையை மூடுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வரி, கடையைத் திறந்து வைப்பதற்கான காரணமாகிவிட்டது. ராஜாஜி இருந்தால் சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா?

* * *

இப்போது ஒரு குட்டிக் கணக்கு.

2003-04-ல், அரசே சில்லறை விற்பனையில் இறங்கிய வருஷத்தில், மதுவால் தமிழ்நாடு அரசுக்கு வந்த வருமானம் 3,639 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. விலைவாசி ஏறியதைக் கழித்துப் பார்த்தாலும் இது சாதாரண ஏற்றம் இல்லை. அதே 2024-25-ல் பள்ளிக் கல்விக்காக பட்ஜெட்டில் ஒதுக்கப்பட்ட தொகை 44,042 கோடி. மருத்துவத் துறைக்கு 20,198 கோடி. அதாவது மாநிலத்தின் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆகும் செலவைவிடக் குடியால் வரும் வரவு அதிகம்.

இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? 'தமிழ்நாடே குடிக்குது சார்' என்று டீக்கடையில் சொல்வது உண்மை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயது வந்த ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. குடிப்பவர் சிறுபான்மைதான்.

அந்தச் சிறுபான்மைக்குள்ளும் எல்லாரும் ஒரே அளவு குடிப்பதில்லை. மாதம் ஒரு தடவை நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு பெக் அடிப்பவர் இருக்கிறார். காலையில் கை நடுங்கி, பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும் வரை ஷட்டருக்கு முன்னால் காத்து நிற்பவரும் இருக்கிறார். வியாபாரத்தில் யார் முக்கியம்? 2018-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது. மருத்துவர்கள் சொல்லும் அளவுக்கு மேல் யாருமே குடிக்காவிட்டால் அந்த நாட்டின் மது வியாபாரத்தில் 38 சதவிகிதம் காணாமல் போய்விடும். மக்கள்தொகையில் 4 சதவிகிதம்தான் மிக மோசமாகக் குடிப்பவர்கள். ஆனால் மொத்த மதுவில் சுமார் 30 சதவிகிதத்தைக் குடிப்பது அவர்கள்.

இங்கிலாந்தில் அந்தப் பணம் தனியார் கம்பெனிக்குப் போகிறது. அரசுக்கு வரி மட்டும். இங்கே கடையும் அரசுடையது, வரியும் அரசுடையது. நம் ஊரில் இப்படி ஒரு கணக்கை யாராவது போட்டிருந்தால் அது சட்டமன்றத்தில் மேஜை மேல் வைக்கப்பட்டிருக்க வேண்டும். மானியக் கோரிக்கையின்போது விற்பனை எவ்வளவு, கடை எத்தனை, பார் எத்தனை என்று கோடிக்குப் பின்னால் புள்ளி வைத்துச் சொல்கிறார்கள். எத்தனை ஈரல் கெட்டது, எத்தனை பேர் வேலையை இழந்தார்கள், எத்தனை குழந்தைகள் பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றார்கள் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. வரவு மட்டும் எழுதி, செலவே எழுதாத கணக்கு நோட்டைக் கொடுத்தால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

நான் சொல்ல வருவது இதுதான். அளவாகக் குடிப்பவரால் இந்தக் கஜானா நிரம்பாது. அரசின் நல்ல வாடிக்கையாளர், விட முடியாமல் குடிப்பவர்தான். அவர் ஒரு நோயாளி. நோயாளியிடம் ஒவ்வொரு நாளும் காசு வாங்கிக் கல்லாவில் போடும் நிறுவனத்துக்கு அவருக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு உண்டா, இல்லையா?

* * *

"நோயாவது ஒண்ணாவது! கொழுப்பு சார்" என்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மனசு வைத்தால் விட்டுவிடலாமே என்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மனசு வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அந்த ஆறு வாரங்கள் நமக்கு இரண்டு பாடங்கள் நடத்தின. ஒன்று, சாயந்திரத்துக்குப் பயப்படாமல் இருந்த வீடுகள். தெருவில் சண்டை இல்லை, வாசலில் வாந்தி இல்லை. இன்னொன்று, புதுக்கோட்டைப் பக்கம் ஷேவிங் லோஷனைக் கலந்து குடித்த மீனவர்கள் செத்துப் போன செய்தி. செங்கல்பட்டில் வார்னிஷைக் குடித்தவர்கள் செத்த செய்தி. கொழுப்பெடுத்தவன் வார்னிஷ் குடிக்க மாட்டான். வார்னிஷ் வரைக்கும் துரத்துவதற்குப் பெயர்தான் நோய்.

வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, மதுவை எதிர்பார்த்தே தன் நரம்புகளை முறுக்கி வைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு அவிழாமல் எகிறுகிறது. முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கம் இல்லாமை. சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், காதில் குரல் கேட்கும். கத்துவார், ஓடுவார், பக்கத்தில் இருப்பவரை அடிப்பார். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். டாக்டர் பக்கத்தில் இருந்தால் இது அநேகமாகச் சமாளிக்கக் கூடிய விஷயம். நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து நாளாக நாளாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். வைட்டமின் பி-1 ஊசி போடுவார்கள். நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் முதல் கட்ட வைத்தியம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் படுக்கை வேண்டும், விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

இதே நோயாளியை, டாக்டர் இல்லாத ஒரு வாடகைக் கட்டடத்தில் பூட்டி வைத்தால்? அவர் கத்துவது திமிராகத் தெரியும். ஓடப் பார்ப்பது ஏமாற்று வேலையாகத் தெரியும். காவலுக்கு நிற்பவர் கையில் மாத்திரை இருக்காது, தடி இருக்கும்.

அந்த ஊரடங்கில் நாம் என்ன பேசினோம்? 2020 மே 7-ம் தேதி கடைகள் திரும்பத் திறந்தபோது நின்ற வரிசையின் நீளத்தைப் பற்றிப் பேசினோம். ஒரே நாளில் 170 கோடிக்கு மேல் விற்றது என்று ஆச்சரியப்பட்டோம். திறக்கலாமா கூடாதா என்று வழக்கு ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது. கடை மூடியிருந்த ஆறு வாரத்தில் எத்தனை பேருக்குச் சிகிச்சை கொடுத்து வெளியே கொண்டுவந்திருக்கலாம் என்று பெரிதாக யாரும் பேசவில்லை. ஆளும் கட்சியும் பேசவில்லை, எதிர்க்கட்சியும் பேசவில்லை.

* * *

குடிப்பவருக்கு ஈரல் கெடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு எது எது கெடுகிறது என்பதற்கும் புள்ளிவிவரம் இருக்கிறது. அதே தேசியக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் மணமான பெண்களிடம் கேட்டது. குடிக்காத கணவர்களின் மனைவியரில் 23 சதவிகிதம் பேர் கணவனிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டிருக்கிறார்கள். அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவியரில் அது 70 சதவிகிதம். (23 சதவிகிதமே வெட்கப்பட வேண்டிய எண் என்பது வேறு விஷயம். எல்லாப் பழியையும் பாட்டில் மீது போட்டுவிட்டு ஆண்கள் தப்பிக்க முடியாது.)

2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம். பெண்ணின் கையில் அவள் பெயரிலேயே பணம் போவதைக் கிண்டல் செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரே வீட்டில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு மலிவு ரக குவார்ட்டர் பாட்டிலின் விலை சுமார் 140 ரூபாய். தினம் ஒரு குவார்ட்டர் என்றால் மாதம் 4,200 ரூபாய். மனைவியின் வங்கிக் கணக்கில் ஆயிரம் போட்ட அதே அரசாங்கம், கணவனின் சட்டைப்பையிலிருந்து நாலாயிரத்து இருநூறு எடுத்துக்கொள்கிறது. ஊறுகாய், தண்ணீர் பாக்கெட், சிப்ஸ் தனி.

வீட்டில் அடியும் வாங்கி, பணத்தையும் இழந்த பெண்ணைத் தேடி வருகிறவர்கள் யார் தெரியுமா? மருந்து விளம்பரக்காரர்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரிலும், பொட்டிக்கடை ஓரத்திலும், நள்ளிரவு டி.வி.யிலும் பார்த்திருப்பீர்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்.' சாம்பாரில் கலக்கலாம், காபியில் கலக்கலாம். குடிக்க முடியாமல் செய்யும் மாத்திரை என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. டைசல்ஃபிராம் என்று பெயர். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. 'தெரியாமல் கொடுக்கலாம்' என்பவர் விற்பது வெறும் சர்க்கரைத்தூள் என்றால் அது மோசடி. இந்த மாதிரி மருந்து எதையாவது கலந்து விற்கிறார் என்றால் அது கொலை முயற்சி. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தச் சுவர் விளம்பரத்தை யாரும் அழிப்பதில்லை.

* * *

வேறு வழி உண்டா என்று கேட்டால், உண்டு. இதே சென்னையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். பணம், படிப்பு, செல்வாக்கு எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அதை மூடி மறைத்திருக்கலாம். 'ஹார்ட் அட்டாக்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பல பெரிய வீடுகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் 1980-ல் கணவரின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை. 1992-ல் பத்மஸ்ரீ, 1999-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது. விருதுகளைவிடப் பெரிய காரியம், குடிப்பழக்கம் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்று தமிழில் சத்தமாகச் சொன்னது. அங்கே மருந்தோடு வேலை முடிவதில்லை. நோயாளியிடம் பேசுகிறார்கள். மனைவியையும் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறார்கள், ஏனென்றால் வருஷக்கணக்காகப் பயந்தும் பொய் சொல்லிச் சமாளித்தும் அவரும் நொந்து போயிருக்கிறார். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் விடாமல் தொடர்புகொள்கிறார்கள்.

இன்னொரு வழிக்குக் காசே வேண்டாம். 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. இன்று சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. பெயர் சொல்ல வேண்டாம், ஜாதி சொல்ல வேண்டாம். 'இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருப்போம்' என்பதுதான் ஒரே தீர்மானம். நாளைக்கு நாளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, வழி தெரியாமல் இல்லை. போதுமான அளவில் இல்லை. 2019-ல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு ஓர் எண்ணைச் சொன்னது. இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வகைச் சிகிச்சை கிடைக்கிறது. மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுபவர் 180 பேரில் ஒருவர். மீதிப் பேர் எங்கே போகிறார்கள்? கோயிலில் கயிறு கட்டுகிறார்கள். சாமியாரிடம் போகிறார்கள். சுவர் விளம்பரத்து மருந்தை வாங்குகிறார்கள். தடியோடு நிற்கும் மையத்துக்குப் போகிறார்கள்.

தமிழ்நாடு அரசு 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கையோடே இன்னொரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2023-ல் 500 கடைகளை மூடிய பிறகும் மிச்சம் இருந்த டாஸ்மாக் கடைகள் 4,829. உள்ளே போக அவ்வளவு வாசல். வெளியே வர 25.

* * *

தனியார் மையங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். நாடே தலைகுனிந்தது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் எடுத்துக்கொண்டது. மையம் நடத்தப் பதிவு கட்டாயம். சங்கிலியால் கட்டக் கூடாது. கொடுமைப்படுத்தக் கூடாது. விருப்பம் இல்லாதவரைச் சேர்ப்பதற்குக்கூட மருத்துவர்களின் பரிசோதனை, கால வரம்பு, மேல்முறையீடு எல்லாம் இருக்கிறது. இந்தச் சட்டம் அமலுக்கு வந்து நான்கு வருஷம் கழித்துத்தான் ராயப்பேட்டையில் அந்த மனிதர் செத்தார். சீல் வைக்கும் அரக்கு எப்போதும் பிணம் விழுந்த பிறகுதான் உருகுகிறது.

"அதெல்லாம் வேண்டாம் சார், கடையை மூடினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்பவர்களும் உண்டு. மதிக்கத் தகுந்தவர்கள் பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். 2015 ஜூலை 31-ம் தேதி உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே விட்டார். அதே வருஷம் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாட்டுப் பாடிய கோவன் மீது தேசத் துரோக வழக்குப் போட்டது அன்றைய அரசு. அந்தக் கோபத்துக்கு முன்னால் தலை வணங்குகிறேன். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே மதுவிலக்கு வாக்குறுதி கொடுக்க வேண்டிவந்தது அந்தக் கோபத்தால்தான். அந்த வாக்குறுதி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் கடையை மூடினால் நோயும் மூடிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. பீகாரில் 2016-லிருந்து மதுவிலக்கு. 2022 டிசம்பரில் அங்கே சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பலர் பலியானார்கள். கடை திறந்திருந்த தமிழ்நாட்டிலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். கடை இருந்தாலும் சாகிறார்கள், இல்லாவிட்டாலும் சாகிறார்கள் என்றால் நடுவில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அதுதான் சிகிச்சை. மூடுவதானாலும் முதலில் நோயாளிகளை வெளியே கொண்டுவந்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடாவிட்டாலோ, சிகிச்சை கொடுக்காமல் விற்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எனவே மதுவிலக்கு வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்தே கேட்கக் கூடிய நான்கு விஷயங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: மது வருமானத்தில் ரூபாய்க்கு ஒரு பைசாவைச் சிகிச்சைக்கென்று சட்டம் போட்டே ஒதுக்க வேண்டும். 2024-25 கணக்கில் அது 483 கோடி ரூபாய். ஒரு பைசாதான் கேட்கிறேன்.

இரண்டு: தாலுகா அரசு மருத்துவமனை வரைக்கும் குடியை நிறுத்துபவருக்கென்று சில படுக்கைகள், பயிற்சி பெற்ற ஒரு டாக்டர், பேசுவதற்கு ஒரு ஆலோசகர்.

மூன்று: ஒவ்வொரு டாஸ்மாக் கடைச் சுவரிலும், விலைப்பட்டியல் அளவுக்குப் பெரிய எழுத்தில், அந்த வட்டாரத்தில் எங்கே சிகிச்சை கிடைக்கும், பதிவு பெற்ற மையங்கள் எவை என்ற பட்டியல். கூடவே போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. 'குடி குடியைக் கெடுக்கும்' என்று நோயாளிக்கு உபதேசம் செய்தது போதும். அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். எங்கே போக வேண்டும் என்பதுதான் தெரியாது.

நான்கு: வருஷா வருஷம் சட்டமன்றத்தில் வரவுக் கணக்கைப் படிக்கும் அதே அமைச்சர், இழப்புக் கணக்கையும் படிக்க வேண்டும். குடியால் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை, மீண்டவர்கள் எத்தனை.

இதில் எதற்கும் கடையை மூட வேண்டியதில்லை, பாட்டில் கம்பெனி முதலாளிகளின் மனசு நோகாது, கஜானாவிலும் பெரிய ஓட்டை விழாது. ஆனாலும் செய்யத் தயங்குவார்கள். காரணம், இந்த நான்கும் ஒழுங்காக நடந்தால் பல பேர் குடியை விட்டுவிடுவார்கள். மீண்டு வருகிற ஒவ்வொருவரும், கல்லாவைப் பொறுத்தவரை, மாதம் நாலாயிரத்து இருநூறு ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு ஆசைப்படுகிற நிதியமைச்சர் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், 'கடையை எப்போ மூடுவீங்க?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லி அவர்களுக்குப் பழகிவிட்டது. 'எங்க ஏரியாவுல குடியை விட நினைக்கிறவன் நாளைக்குக் காலையில எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்? அங்கே எத்தனை பெட் இருக்கு?' என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழித்தால், தெரிந்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.